மோட்டார் எரிந்த மே மாதம்

மே 5, திங்கள்

இன்றைக்கும் பொன்னாடைப் படம்தான். பேரூராட்சித் தலைவருக்குப் பிறந்தநாள். பேரூராட்சியின் ஃபேஸ்புக் பக்கத்தில் மூன்று படம் போட்டேன். கீழே வாழ்த்து ஒன்றுகூட இல்லை, எல்லோரும் தண்ணீர் எப்போது வரும் என்றுதான் கேட்கிறார்கள். குடிநீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோனது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். ஊருக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் நான். திட்டு மொத்தமும் எனக்கு.

மே 6, செவ்வாய்

கமெண்டையே பூட்டிவிடச் சொன்னார் செயல் அலுவலர் இளங்கோவன் சார். "பதில் சொன்னா இன்னும் கேட்டுகினேதாம்மா இருப்பாங்க. மூடிடு."

மூடத்தான் போனேன். கல்பனா என்று ஒரு பெண் எழுதியிருந்தாள், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வயற்காட்டு பம்புசெட்டுக்கு நடக்கிறாளாம். மனசு கேட்கவில்லை. மோட்டார் அரக்கோணத்தில் புதுக் கம்பி சுற்றி காயில் கட்டப் போயிருக்கிறது, வியாழக்கிழமை தண்ணீர் வரும் என்று பதில் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பார்களா?

மே 8, வியாழன்

வரவில்லை.

மே 9, வெள்ளி

சார் கூப்பிட்டார். நாளைக்குச் சாலை மறியலுக்கு ஆள் சேருகிறதாம். "வியாழக்கெழமன்னு உன்ன யாரு சொல்லச் சொன்னது?" திங்கட்கிழமையிலிருந்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

வீடு இருக்கும் திருத்தணிக்கு வரும் பஸ் முழுக்க முருகன் மலைக்குப் போகிற கூட்டம். காவடிக்காரர்களுக்கு நடுவே நின்று அழுதேன். நல்லதுதானே செய்தேன்? இல்லை, தெரியாத தேதியைச் சொன்னேன். அது தப்புதான்.

அண்ணன் ஜாஹித் அரக்கோணத்தில் மெக்கானிக். போனில் எல்லாவற்றையும் கொட்டினேன். "வண்டி ரெடியாவலன்னா நானே மொதல்ல போன் பண்ணிடுவேன். அவன் வந்து நின்னப்புறம் சொன்னாதான் சண்ட" என்றான். சாயங்காலம் காயில் கட்டும் கடைக்குப் போய், பிரித்துப்போட்ட மோட்டாரைப் படமெடுத்து அனுப்பினான்.

போகிற வேலைதானே என்று அதையே பேரூராட்சிப் பக்கத்தில் போட்டுவிட்டேன். கூடவே எழுதினேன்: வியாழன் என்று சொன்னது தவறு, மன்னியுங்கள், சரியான நாள் இன்னும் தெரியவில்லை, ஏற்கெனவே ஓடுகிற தண்ணீர் லாரி அதுவரை வரும், லாரி வராத தெருவின் பெயரை இங்கே எழுதுங்கள்.

மே 10, சனி

மறியல் நடக்கவில்லை! கல்பனாதான் எழுதியிருந்தாள்: "மோட்டார் படத்த பாத்தோம். இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம் இல்ல? எங்க தெருவுக்கு லாரி வர்ல." அதன்கீழே வரிசையாகத் தெருப்பெயர்கள். திட்டு இருக்கிறது, ஆனால் தெருப்பெயரோடு இருக்கிறது.

மே 12, திங்கள்

வருவது வரட்டும் என்று போனேன். என் நாற்காலியில் வேறு யாரும் இல்லை. மறியல் நின்றதே போதும் என்ற சார், லாரி போகாத தெருக்களை மட்டும் கேட்டார். சொன்னேன். லாரி போனது.

மே 14, புதன்

மதியம் சார் என் மேஜைக்கே வந்தார். ஓட்டிப் பார்த்தபோது மோட்டார் மறுபடி புகைந்துவிட்டதாம்.

"இன்னும் நாலு நாள் ஆவும்னு போட்டுடும்மா. நம்ம தப்புன்னே போடு. கீழ என் பேரு போடு, உன் தலைய ஏன் உருட்டணும்?"

தட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் முதல் பதில் வந்தது: "ஆங், சரிங்க சார். சொன்னீங்களே, அது போதும்."

சார் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அடுத்து யார் என்ன கேட்கிறார்கள் என்று படிக்கச் சொன்னார்.