காத்தாடிக்கு ஏன் பைத்தியம் பிடித்தது

என் செல்லத் தம்பி குமரா,

முன்னெல்லாம் உன்னை "அடேய் கிறுக்கா"ன்னுதான் கூப்பிடுவேன். சாப்பிட வாடா கிறுக்கா, ரிமோட்டைக் குடுடா கிறுக்கா. இப்ப அந்த வார்த்தைய எழுதப் போனா கை நின்னுருது. அதனால பேரைச் சொல்லியே கூப்பிடுறேன், கோவிச்சுக்காத.

நீ போயி ஒன்பது மாசம் ஆச்சு. திருப்பரங்குன்றத்துல நம்ம தெருவுக்குப் புது ரோடு போட்டதுல நம்ம வாசல் பள்ளமாப் போச்சு, மழை பேஞ்சா தண்ணி உள்ள வருது. அப்பா தினமும் அதே பஸ்ஸுலதான் தல்லாகுளம் ஆபீசுக்குப் போறாரு, வாராரு. நான் அதே ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீச்சர். அம்மா என்னைக் கேக்காமயே உன் துணியெல்லாம் எடுத்து யாருக்கோ குடுத்துருச்சு. எனக்கு வந்த ஆத்திரம் இம்புட்டு அம்புட்டு இல்ல.

நம்ம சப்டைட்டில் குரூப்ல போன வாரமும் ஒருத்தன் எழுதியிருக்கான். "கதை சூப்பர். ஆனா அந்த ஃப்ரெண்டு கேரக்டருக்கு ஏன் திடீர்னு பைத்தியம் பிடிக்குது? நம்புற மாதிரியே இல்ல." கீழ வரிசையா எல்லாரும் ஆமா போட்டிருக்காங்க. அதைப் பாத்துட்டு போனைக் கவுத்தி வச்சுட்டேன்.

இத வாசிக்கிற மத்தவங்களுக்காகவும் சொல்லிர்றேன், நீ பொறுத்துக்க. அது ஒரு அனிமே, ஜப்பான் கார்ட்டூன் தொடர். பனி மூடின மலை உச்சியில ஒரு வானிலை நிலையம், அதுல நாலே பேரு. ஹீரோவோட கூட்டாளி ஒருத்தன் காத்தோட வேகத்தை அளந்து நோட்டுல எழுதுவான், எல்லாருக்கும் டீ போடுவான். அவ்வளவுதான் அவன் வேலை. நீதான் அவனுக்குக் காத்தாடின்னு பேரு வச்ச. பத்தாவது எபிசோடுல அவன் கருவியெல்லாம் உடைச்சுப் போட்டுட்டு, கதவைப் பூட்டி, கண்ணை உருட்டி, பல்லு தெரிய சிரிப்பான்.

நான் அன்னைக்கே சொன்னேன். "ஒருத்தனுக்குப் பைத்தியம் பிடிக்கணும்னா ஒரு காரணம் வேணாமாடா? ஆத்தா செத்தாளா, காதலிச்சவ போயிட்டாளா? எழுதுனவன் சோம்பேறி."

நீ தட்டைப் பாத்துக்கிட்டே சொன்ன. "காரணமெல்லாம் கதைக்குத்தான்க்கா. அவன் மூணாவது எபிசோடுலருந்து டீயே குடிக்கல. எல்லாருக்கும் ஊத்துறான், அவனுக்கும் ஊத்துறான், அது அப்படியே ஆறிப் போகுது. ஒருத்தராச்சும் பாத்தீங்களா?"

"ஆமா, பெரிய கண்டுபிடிப்பு"ன்னு உன் மண்டையில ஒரு கொட்டு வச்சேன். நீ சிரிக்கல. நான் அதையும் கவனிக்கல.

நம்ம வேலை எப்படின்னு உனக்குத் தெரியும். மூணு வருசமா போன்ல பாடம் கேட்டுக் கேட்டு ஜப்பான் மொழி படிச்சவன் நீ. வாரா வாரம் ஒரு எபிசோடு தமிழ்ல எழுதி எனக்கு அனுப்புவ. நான் பிழை பாத்து, நேரம் சரி பண்ணி குரூப்ல போடுவேன். ஸ்கிரீன்ல ஒரு நேரத்துல ரெண்டு வரிக்கு மேல இருக்கக் கூடாதுங்கறது என் சட்டம். நீ என்னன்னா காத்தாடி பின்னாடி நின்னு முணுமுணுக்கறதைக்கூட விடாம, மேல சின்ன எழுத்துல தனி வரியாப் போட்டு அனுப்புவ. இங்கிலீஷ் சப்டைட்டில்ல அதெல்லாம் கிடையாது.

"முக்கியமான பேச்சை வாசிக்கிறதா, இவன் பொலம்பலை வாசிக்கிறதா? யாருடா இதைக் கேட்டா?"ன்னு கத்தினேன். ரெண்டு மூணு வாரம் சண்டை போட்ட. அப்புறம் விட்டுட்ட. ஆனா எழுதி அனுப்புறதை மட்டும் நிறுத்தல. நானும் மேல் வரி எல்லாத்தையும் மொத்தமாத் தேர்ந்தெடுத்து ஒரே அமுக்குல அழிச்சுருவேன். வாசிக்கக்கூட மாட்டேன்.

அந்த வருசம் முழுக்க உனக்கும் நடந்துக்கிட்டுத்தான இருந்துச்சு? மொபைல் கடை வேலைக்குப் போறேன்னு கிளம்பி கோயில் வாசல்லயே உக்காந்திருப்ப. காதுல எந்நேரமும் ஹெட்போன். "பாட்டு கேக்குறான், விடு"ன்னு அம்மா சொல்லும். ஒருநாள் நான் பாத்தேன், அந்த ஒயர் எதுலயும் சொருகியிருக்கல. ஒயர் சும்மா தொங்குது, நீ தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டிருக்க. எனக்கு ஒரு பயம் வந்துச்சு. வந்ததை அப்படியே அமுக்கிட்டு காயப் போட்ட துணிய எடுக்கப் போயிட்டேன்.

ஏன்னா நான் வேற ஒண்ணுக்குக் காத்திருந்தேன்டா. காத்தாடியோட அந்தச் சிரிப்புக்கு. கண்ணு உருளணும், சாமானை உடைக்கணும், அப்பத்தான் பைத்தியம்னு நினைச்சேன். நீ ஒருநாளும் எதையும் உடைக்கலயே. சட்டைய நாலா மடிச்சு வச்ச. அம்மாவுக்கு மாவு வாங்கிக் குடுத்த. என்கிட்ட "அக்கா, உனக்கு தூக்கம் வருதா?"ன்னு அடிக்கடி கேட்ட. வருதேடான்னு சொல்லிட்டு நான் தூங்கப் போயிருவேன்.

டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகவே இல்லைன்னு சொல்ல முடியாது, போனோம்தான். கே.கே. நகர்ல மனநல டாக்டர், டோக்கன்கூட வாங்கியாச்சு. அந்தத் தெருவுலதான் பெரியத்தை வீடு. அத்தை மகன் ஸ்கூட்டர்ல போறதைப் பாத்ததும் அம்மா முந்தானையால மூஞ்சிய மறைச்சுக்கிட்டு உன் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்துருச்சு. "அக்காவுக்கு வரன் பாக்கற நேரத்துல இது வெளிய தெரியலாமா?"ன்னுச்சு. அப்புறம் ஒரு கோடாங்கி வந்து உடுக்கை அடிச்சு, கையில கருப்புக் கயிறு கட்டி, மூணு அமாவாசை போகட்டும்னாரு. ரெண்டுதான் போச்சு.

நான் மட்டும் என்ன யோக்கியம்? எனக்கு இருபத்தெட்டு வயசு. எனக்கும் கல்யாணம் நடக்கணும்னு இருந்துச்சு. அம்மா மறைச்சதுல எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதிதான். இதை நீ உயிரோட இருக்கும்போது சொல்லியிருந்தா ரெண்டு திட்டு திட்டியிருப்ப, சரியாப் போயிருக்கும்.

மத்தியான வெயில்ல, செருப்புகூட இல்லாம, நீ நாலுவழிச் சாலையில நடந்து போயிருக்க. எங்க போனன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியல. லாரிக்காரன் மேல தப்பில்லைன்னாங்க. வந்தவங்க எல்லாரும் "திடீர்னு இப்படி ஆயிருச்சே"ன்னு சொன்னாங்க. அப்பாவும் அதையே பிடிச்சுக்கிட்டாரு. ஆக்சிடென்ட், திடீர்னு. அது பொய்யும் இல்லடா, அதுதான் வயித்தெரிச்சல்.

போன ஞாயித்துக்கிழமை என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க. நல்ல குடும்பம்னுதான் தெரிஞ்சுச்சு. மாப்பிள்ளையோட அம்மா கேசரியத் தட்டுல வச்சுக்கிட்டே, "தம்பிக்கு என்னம்மா ஆச்சு?"ன்னு கேட்டாங்க. அப்பா முந்திக்கிட்டு, "ஆக்சிடென்ட்டும்மா, திடீர்னு..."ன்னு ஆரம்பிச்சாரு.

"திடீர்னு இல்லங்க. ஒரு வருசம் ஆச்சு"ன்னு சொல்லிட்டேன்.

பட்டுச்சேலையும் மல்லிப்பூவுமா நின்னுக்கிட்டு எல்லாத்தையும் சொன்னேன். ஹெட்போன், டோக்கன், கயிறு, அம்புட்டையும். அவங்க காபியக் கீழ வச்சுட்டாங்க. மாப்பிள்ளையோட அப்பா, "பரம்பரையா வருமோ?"ன்னு அப்பாகிட்டயே கேட்டாரு. போயிட்டு போன் பண்றோம்னாங்க. அந்தப் போன் வராது. எனக்கு வருத்தம் இல்லைன்னு பெருமைக்குச் சொல்ல மாட்டேன், அந்தப் பையனை எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

அவங்க தெரு தாண்டுறதுக்குள்ள அம்மா என் முதுகுல ரெண்டு வச்சுச்சு. "ஒரு வருசமாம்ல ஒரு வருசம்! தெரிஞ்சவ ஏன்டி அப்பச் சொல்லல? எப்பலருந்துடி உனக்குத் தெரியும்?"

அந்தக் கேள்வியோடயே உள்ள போயி நீ எனக்கு அனுப்பின ஃபைல் எல்லாத்தையும் திறந்தேன். நான் அழிச்சது குரூப்ல போட்ட காப்பியிலதான், நீ அனுப்பினது அப்படியே மெயில்ல கிடந்துச்சு. எந்த வாரத்துல நீ மாறினன்னு பாத்துரலாம்னு நினைச்சேன். மேல் வரிகளை முதல் தடவையா வாசிச்சேன்.

முதல் ஆறு எபிசோடுல காத்தாடி நிஜமாவே முணுமுணுக்கிறான். சத்தத்தைக் கூட்டி வச்சுக் கேட்டேன். நீ எழுதினது சரிதான், இத்தனை பேரு கேட்ட கேள்விக்கு அதுலயே பதில் இருந்திருக்கு. ஏழாவதுலருந்து அவன் வாயே அசையல. நிறைய இடத்துல அவன் படத்துலயே இல்ல, வெறும் பனி மட்டும்தான். ஆனா மேல வரி ஓடிக்கிட்டே இருக்கு.

"இவங்க பேசுறது நிக்க மாட்டேங்குது."

"சொன்னா அம்மா அழும்."

"அக்கா, இதை நீ வாசிப்பல்ல? வாசிச்சுட்டு ஒண்ணும் கேக்காத. பக்கத்துல வந்து உக்காரு போதும்."

குமரா, அந்தக் கதையில காத்தாடிக்கு அக்காவே கிடையாதேடா.

வாரா வாரம் எனக்கு எழுதியிருக்க. நான் வாரா வாரம் அழிச்சிருக்கேன்.

நேத்து அம்மாவையும் அப்பாவையும் உக்கார வச்சு ஏழாவது எபிசோடு மட்டும் வாசிச்சுக் காட்டினேன். போதும் நிறுத்துடின்னு அம்மா காதைப் பொத்திக்கிச்சு. அப்பா எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டாரு. நான் நிறுத்தல, வாசல்வரைக்கும் கேக்குற மாதிரி வாசிச்சேன். இன்னும் அஞ்சு எபிசோடு இருக்கு. ஒரு வரி விடாம இந்த வீட்டுல வாசிப்பேன். அவங்க அழுதாலும் வாசிப்பேன், நான் அழுதாலும் மூஞ்சியக் கழுவிட்டு வந்து வாசிப்பேன். இது சத்தியம்டா.

இப்படிக்கு,
பக்கத்து ரூம்லயே இருந்தும் வந்து உக்காராத உன் அக்கா