அரைக் கதவுக்குக் கீழே

7 ஜூன் 1968, வெள்ளி

மெட்ராஸ். முதலாளி கொடுத்தனுப்பிய பதினோரு புடவையையும் தியாகராய நகர் கடையில் ஒப்படைத்துவிட்டு, பிராட்வேயில் வெள்ளிதோறும் போகிற வழக்கமான ஹோட்டலில் சாப்பாடு. மேஜையும் வழக்கமானதுதான், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். தனியாக வருகிறவனை அங்கேதான் தள்ளுவார்கள். இன்று எதிரே உட்கார்ந்தவர் கேட்காமலே என் அப்பளத்தை எடுத்துத் தின்றார். பேச்சுத் துணைக்கு ஓர் அப்பளம் போகட்டும் என்று பார்த்தால், மனிதர் மோர் கேட்க மட்டும்தான் வாயைத் திறந்தார்.

தொட்டிக்கு அந்தப் பக்கம் ஃபேமிலி ரூம். பெண்களுக்கும், பெண்களோடு வரும் ஆண்களுக்கும். மர அரைக் கதவு; உள்ளே இருப்பவர்களின் முகம் தெரியாது. கீழே பாதமும் புடவைக் கரையும் மட்டும். இருபத்திரண்டு வருஷம் பட்டுக்கடைப் பாயில் உட்கார்ந்தவனுக்கு அது போதும். இன்று ஓர் ஆரணி, இரண்டு நைலக்ஸ், இதுவரை இங்கே கண்ணில் படாத ஒரு காஞ்சிபுரம்.

காஞ்சிபுரம் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

14 ஜூன், வெள்ளி

அதே அரக்குப் புடவை, அதே பச்சைக் கரை. கிட்டத்தில் பார்க்க மூன்று முறை கை கழுவினேன்.

"இன்னா சார், தோல உரிச்சிடுவீங்க போலக்குது" என்றான் சர்வர் கண்ணாயிரம்.

மூன்றாவது கழுவலில் தெரிந்துவிட்டது. கரை முழுக்க அன்னம். ஒன்றுக்கும் அலகு இல்லை. ஜரிகையில் ஓர் இழை விட்டுப்போய், முதலாளி எப்படியாவது தள்ளிவிடச் சொன்ன புடவை. ஏழு வருஷம் முன்பு, தாயோடு வந்த ஒரு பெண்ணிடம், "அன்னம் வெக்கப்பட்டுக்கினு மூஞ்ச மறைக்குதும்மா, புது டிசைன்" என்று சொல்லித் தலையில் கட்டியவன் சாட்சாத் நான்தான்.

பஸ்ஸில் வாலாஜாபாத் வரை சிரித்துக்கொண்டே வந்தேன். பிறகு நினைவு வந்தது — அது கல்யாணத்துக்கு எடுத்த புடவை. அப்படியானால் ஏன் தனியாகச் சாப்பிடுகிறாள்?

18 ஜூன், செவ்வாய்

ஊரில் நான் சாப்பிடும் மணியம்மாள் மெஸ் ரசத்தில் இன்று தக்காளி தென்பட்டது. பெரிய காஞ்சிபுரம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். சொல்ல வேறு சேதியும் இல்லை.

21 ஜூன், வெள்ளி

கண்ணாயிரத்தின் வாயைக் கிளறினேன். "டெலிபோன் ஆபீசு சார். பேரு தையல்நாயகி. வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போயிட்டு வரும். ரெண்டு வருசமா ஒண்டிதான்."

"கல்யாணம்?"

"சாம்பார் ஊத்தறவன்கிட்ட அதெல்லாமா சொல்லும்?"

28 ஜூன், வெள்ளி

துணிந்து அரைக் கதவில் கை வைத்தேன். கண்ணாயிரம் குறுக்கே வந்தான்.

"ஃபேமிலி இருக்குதா சார்?"

"இல்ல."

"அப்ப அங்கியே குந்துங்க."

நாற்பத்தேழு வயதில் என் வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாக யாரும் விசாரித்ததில்லை. ஊரில் பாதிப் பெண்களுக்குக் கல்யாணப் புடவை எடுத்துப் போட்டவன், ஐயா.

3 ஜூலை, புதன்

"ஆடில எவன்பா பட்டு எடுக்கறான்? பன்னெண்டாந் தேதியோட மெட்ராச நிறுத்திக்க. ஆவணில பாப்போம்" என்றார் முதலாளி.

ஆக இன்னும் இரண்டே வெள்ளி. மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். மன்னிப்பா? உண்மையை எழுது, உமாபதி. மன்னிப்பு ஒரு சாக்கு. உன் பேர் தெரிந்த ஒருத்தரோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும் — அவ்வளவுதானே?

அவ்வளவுதான்.

5 ஜூலை, வெள்ளி

வாய் வரவில்லை. பாயசம் மட்டும் இரண்டு தடவை வாங்கினேன்.

12 ஜூலை, வெள்ளி

அரைக் கதவுக்கு வெளியே நின்று, "உள்ள அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்பா" என்றேன்.

"ஃபேமிலி இல்லாம உட்டா ஓனர் திட்டுவாரு சார்."

உள்ளேயிருந்து ஒரு குரல்: "அவரு என்னோட வந்தவருதான் கண்ணாயிரம். வரச் சொல்லுப்பா."

கதவுக்கு முதுகு காட்டி, அவள் எதிரே உட்கார்ந்தேன். முப்பத்துமூன்று, நான்கு வயதிருக்கும். காதோரம் இரண்டு நரை. இலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அன்னம் வெக்கப்படுது. அதான சொல்ல வந்தீங்க?" என்றாள்.

ஹாலில் நான் அடிக்கும் அரட்டையைக் கேட்டே என் குரலைக் கண்டுபிடித்துவிட்டாளாம்.

"பொய்தாம்மா சொன்னேன்."

"அன்னைக்கே தெரியும். அவ்ளோ செரமப்பட்டு சொன்னீங்க, பாவமா இருந்துது. வாங்கிட்டேன்."

கல்யாணம் நின்றுபோய்விட்டதாம். அலகில்லாத அன்னம் அபசகுனம் என்று மாப்பிள்ளையின் தாய் சொல்லிவிட்டாளாம். இலையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். வாயால் பிழைக்கிற என் வாய் என்ன செய்து வைத்திருக்கிறது.

"சாப்புடுங்க" என்றாள். "அவங்களுக்கு வேற எடத்துல பெரிய சீரு கெடச்சிது. பொடவ இல்லன்னா பல்லி மேல பழியப் போட்டிருப்பாங்க."

அப்புறம் எங்கள் முதலாளி மாமியாரைக் கண்டால் கோடவுனில் ஒளிந்துகொள்வதைச் சொன்னேன். மோர் புரையேறும்வரை சிரித்தாள். தன் அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தாள்.

"ஆவணில வருவேன்."

"வாங்க. மொதல்ல அந்தச் செருப்ப மாத்துங்க. வாருக்கு எத்தினி நாளைக்குப் பட்டு நூலக் கட்டிக்கினு இருப்பீங்க?"

பஸ்ஸில்தான் யோசித்தேன். என் செருப்பை எப்போது பார்த்தாள்? நான் உள்ளே போனபோது நிமிரக்கூட இல்லையே.

26 ஜூலை, வெள்ளி

கடையில் ஈ ஓட்டினேன். மெஸ்ஸில் அப்பளம் உண்டு. தின்னப் பிடிக்கவில்லை.

20 ஆகஸ்ட், செவ்வாய்

புதுச் செருப்பு வாங்கினேன்.

23 ஆகஸ்ட், வெள்ளி

மெட்ராஸ். அரைக் கதவுக்குக் கீழே பாதங்கள் எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் தொட்டியருகிலேயே நின்றேன்.

"அந்தம்மாவ திருச்சிக்கு மாத்திட்டாங்க சார்" என்றான் கண்ணாயிரம். "ஆடி பொறந்ததுமே ஆர்டர் வந்துடுச்சி. உள்ள போய் குந்துங்க."

"எனக்குத்தான் ஃபேமிலி இல்லையேப்பா."

"அந்தம்மா சொல்லிட்டுப் போச்சி சார். அவரு ஆவணில வருவாரு, எங்க ஃபேமிலிதான், உள்ள உக்கார வைன்னு. ஓனர்கிட்டயும் சொல்லிட்டுதான் போச்சி."

உள்ளே போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். மற்ற மூன்று நாற்காலிக்கு மேலேயும் மின்விசிறிக் காற்று வருகிறது. இதற்கு மட்டும் இல்லை. இங்கிருந்து பார்த்தால் அரைக் கதவுக்குக் கீழே தெரிவது ஒன்றுதான்: தொட்டிக்குப் பக்கத்து மேஜையும், அங்கே தனியாக உட்கார்ந்திருப்பவனின் கால்களும்.

இரண்டு வருஷமாக இந்த நாற்காலியா?

கண்ணாயிரம் இலை போட்டான். சாப்பிட்டுக் கை கழுவ எழுந்து நடந்தபோது புதுச் செருப்பு கடித்தது.