மந்திரி வந்ததும் தலையாட்டிய அப்பாவுக்கு

என் செல்ல அப்பா,

நீங்கள் போய் நாலு வருஷமாகிறது. இங்கே மழை விட்டபாடில்லை. றப்பர் பால் வெட்டு இல்லாமல் தோட்டத்து லயத்தில் எல்லோரும் வீட்டில்தான் கிடக்கிறார்கள். இப்படிப்பட்ட நாளில் மனசு உங்களைத்தான் தேடுகிறது.

றப்பர் மலையிலிருந்து வந்ததும் செஸ் பலகையில் எனக்கு எதிரே உட்காருவீர்களே, ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு ஆடத் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கறுப்புக் காயை நகர்த்துவீர்கள், அவ்வளவுதான். எனக்கு எப்போதும் ஒரே தொடக்கம்: ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய், அப்புறம் குதிரை, மூன்றாவதாக மந்திரி. "மந்திரி வந்தாச்சு, இனி ஒம்பாடு" என்று பலமாகத் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவீர்கள்.

பதினைந்து வயதுக்குட்பட்டோர் போட்டிக்கு இரத்தினபுரிக்குப் போனோம். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் மாகாண அணியில் இடம். நீங்கள் சன்னலுக்கு வெளியே நின்றீர்கள். என் மந்திரி வந்ததும் வழக்கம்போலப் பலமாகத் தலையாட்டினீர்கள். எதிரே ஆடிய பிள்ளையின் மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, யாரோ எனக்குச் சைகை காட்டுவதாக நடுவரிடம் முறையிட்டார்.

அவர் உனக்கு யார், ஆடத் தெரிந்தவரா என்று நடுவர் சிங்களத்தில் கேட்டார். எனக்குத்தான் சிங்களம் தண்ணீர் பட்ட பாடாயிற்றே. இவர் என் அப்பா, இவருக்கு ஆடத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பால் கறை படிந்த உங்கள் சட்டையை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது அப்பா. அவரை யாரென்றே தெரியாது என்று தலையை மட்டும் அசைத்தேன். யாரோ ஒருவரைப் போல உங்களை அந்தச் சன்னலடியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். நான் ஜெயித்தேன்.

பஸ்ஸில் நீங்கள் கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரித்தீர்கள்.

"என்னையும் பெரிய ஆட்டக்காரன்னு நெனச்சுப் பயந்துட்டாங்க பாப்பா" என்றீர்கள். லயம் முழுக்க அதையே சொல்லித் திரிந்தீர்கள். நான் தலையசைத்ததைச் சன்னல் வழியாகப் பார்த்தீர்களா, இல்லையா? அதைக் கேட்கும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை. மாகாணப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே மண்ணைக் கவ்வினேன். ஆடும்போதெல்லாம் கண் சன்னலுக்கே போனது.

போன வாரம் உங்கள் பேத்தி, "தாத்தா பெரிய செஸ் ஆட்டக்காரராம்மா?" என்று கேட்டாள். லயத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்கு உள்ளதைச் சொல்வேன் அப்பா. தாத்தாவுக்கு மூன்று நகர்வுதான் தெரியும், மூன்றும் எனக்காகப் பழகியவை. அவர் என் அப்பா என்று சொல்ல உன் அம்மாவுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. அதையும் சொல்வேன்.

உங்கள் மகள்,
பாப்பா