டேப்பில் இருந்த என் பெயர்

ஒரகடம்
கார்த்திகை, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் எழிலரசனுக்கு அப்பா நாகப்பன் எழுதிக்கொள்வது. இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அந்தக் கனடா குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். இதை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று யோசிக்காதே, நானேதான் எழுதுகிறேன். மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் இசக்கிசெல்வி, கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், செகண்ட் ஷிப்ட் வாரங்களில் காலையில் உட்கார்ந்து எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தாள். அவசரப்பட்டால் "எழுத்து எங்கயும் ஓடிராது தாத்தா, மெதுவா எழுதுங்க" என்பாள். ண போடும்போது கை இன்னும் ஒரு சுழி கூடுதலாகப் போட்டுவிடுகிறது. ஆனாலும் பஸ் நெற்றியில் படப்பை என்று இருந்தால் யாரையும் கேட்காமல் ஏறிவிடுகிறேன். எனக்கு இருக்கிற சந்தோஷத்துக்கு அளவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டேன், இனி மற்றதைச் சொல்ல வேண்டும்.

நான் வாசிக்கும் இராமச்சந்திரன் கச்சேரிப் பார்ட்டிக்கு, பெரிய போன் மாதிரி இருக்கும் அந்த டேப்பை ஆளுக்கொன்று நீ வாங்கி அனுப்பியதிலிருந்து மேடையில் காகிதம் பறப்பதில்லை. எந்தப் பாட்டில் யார் எங்கே வாசிக்க வேண்டும் என்று நீ அங்கிருந்து தமிழில் ச ரி க ம அடித்து அனுப்புகிறாய், அது எல்லார் டேப்பிலும் வந்து நிற்கிறது. காலடியில் பெடலை மிதித்தால் பக்கம் திரும்புகிறது. அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். காதால் பிடித்ததைத்தான் டிரம்பெட்டில் வாசித்தேன், பக்கத்தில் வயலின் ஷெர்லின் மிதிக்கும்போது நானும் பெடலை மிதிப்பேன். பார்க்கிற ஜனங்கள் இந்தக் கிழவன் நோட்ஸ் பார்த்து வாசிக்கிறான் என்று நினைத்துக்கொள்ளும், அதில் எனக்கு ஒரு பெருமை கூட.

ஆயுத பூஜைக்கு ஒரு கம்பெனியில் கச்சேரி. முதல் பாட்டில் எனக்கு வேலையில்லை. இரண்டாவது பாட்டில் சரணத்துக்கு முன்னால் டிரம்பெட் தனியாக வரும் பிட்டை வழக்கம்போல எழுந்து நின்று ஆரம்பித்தேன். அதே பிட்டை இராமச்சந்திரனும் கீபோர்டில் ஆரம்பித்தான். இரண்டும் முட்டிக்கொண்டன, முன் வரிசையில் சிரித்தார்கள், நான் பாதியில் நிறுத்தி உட்கார்ந்தவன் அதன் பிறகு எந்தப் பாட்டுக்கும் எழவில்லை. கச்சேரி முடிந்ததும் கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்தில் வைத்து எல்லார் எதிரிலும் அவனைப் பிடித்துக்கொண்டேன். "என் பிட்ட நீ எடுத்துக்கினியே, உனக்கு நான் இன்னாடா கொற வெச்சேன்" என்று கேட்டேன். அவன் குனிந்த தலை நிமிராமல், "டேப்புல வந்தத வாசிச்சேண்ணே. நீ ஒடம்ப பாத்துக்கோ" என்றான். என் உடம்புக்கு என்ன என்று எனக்கு விளங்கவில்லை. திமிரில் பேசுகிறான் என்று நினைத்து, அதன் பிறகு அவன் போன் செய்தால்கூட எடுக்கவில்லை.

எழுத்து ஓரளவு பிடிபட்டதும் பீரோவிலிருந்து டேப்பை எடுத்து வைத்துக்கொண்டேன். ச, ரி, க, ம. இத்தனை வருஷம் காதுக்குள் இருந்ததெல்லாம் பார்க்க இப்படித்தான் இருக்குமா என்று சிரிப்பு வந்தது. அந்தப் பாட்டைத் திறந்தேன். என் பிட்டுக்கு மேலே கீபோர்டு, இராமச்சந்திரன் என்று இருந்தது. கீழே ஆங்கிலத்தில் ஏதோ, அதை ஒட்டித் தமிழில் ஒரு பெயர். ஆங்கிலத்தைச் செல்வி சொன்னாள், கடைசியாக மாற்றியது யார் என்று போட்டிருக்கிறதாம். பெயரை நீ சொல்லாதே என்று அவளுக்குக் கை காட்டிவிட்டு நானே எழுத்துக் கூட்டினேன். எ, ழி, ல. அதற்கு மேல் கூட்ட வேண்டியிருக்கவில்லை. முன்பு என்ன இருந்தது என்று பார்க்க முடியுமா என்று கேட்டேன், விரலால் தள்ளிக் காட்டினாள். டிரம்பெட், நாகப்பன். இத்தனை நாள் மேடையில் என் பெயர் என் மூக்குக்கு நேரே இருந்திருக்கிறது, நான் அதைப் பார்த்ததே இல்லை. பார்க்கத் தெரிந்த அன்றைக்கு அது பழைய பக்கத்தில் கிடக்கிறது. மற்றப் பாட்டுகளையும் திறந்தேன், எல்லாவற்றிலும் அப்படியே செய்திருக்கிறாய்.

உன் அம்மாவைக் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். படப்பையில் உனக்குப் பேசியிருக்கும் பெண்ணின் அப்பா கச்சேரி நடந்த அந்தக் கம்பெனியில் மேனேஜராம், முன் வரிசையில் இருப்பாராம், சம்பந்தி ஆகப்போகிறவன் சிவப்புக் கோட்டுப் போட்டுக் கன்னம் உப்ப ஊதுவதை அவர் பார்க்க வேண்டாம் என்று நீ நினைத்தாயாம். இராமச்சந்திரனிடம் மட்டும், எனக்கு நெஞ்சில் கோளாறு, ஊதக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதை அப்பாவிடம் பேச வேண்டாம் என்று சொல்லி வைத்தாயாம். நான் சத்தம் போட்டேன். அவள், "புள்ள கல்யாணம் நின்னு பூட்சின்னா நீ போய் ஊதிக் கூட்டியாருவியா" என்றாள். அன்று சிரித்தவர்களில் அந்த மேனேஜரும் இருந்தாரோ என்னவோ.

என் நெஞ்சுக்கு ஒன்றுமில்லை எழில். வெட்கமாக இருந்தால் போனில் என்னிடமே சொல்லியிருக்கலாம். அன்று காய்ச்சல் என்று நானே வீட்டில் படுத்திருப்பேன், உனக்காக அதைச் செய்திருப்பேன். இவனுக்குத்தான் படிக்கத் தெரியாதே, சொல்லுவானேன் என்று விட்டாய் பார், அதுதான் எனக்கு ஆறவில்லை.

இராமச்சந்திரன் வீட்டுக்குப் போனேன், அன்று நான் பேசியது தப்பு என்று அவனிடம் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தான். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. டேப்பில் எப்படி மாற்றுவது என்று கேட்டேன், காட்டினான். ஒவ்வொரு பாட்டிலும் கீபோர்டை அழித்துவிட்டு டிரம்பெட், நாகப்பன் என்று ஒற்றை விரலால் நானே அடித்தேன். ஒரு பகல் முழுவதும் போயிற்று. உன் டேப்பிலும் அது வந்திருக்கும்.

வேளைக்குச் சாப்பிடு, வெளியே போனால் காதை மூடிக்கொள். பெண் வீட்டார் தையில் வருகிறார்கள், உன் அப்பா என்ன செய்கிறார் என்று அதற்கு முன் அவர்களிடம் நீயே சொல்லிவிடு. இவ்வளவுக்குப் பிறகும், நீயும் அந்தப் பெண்ணும் குறையில்லாமல் வாழ வேண்டும் என்பதுதான் என் ஆசீர்வாதம், அதில் மாற்றமில்லை. பொங்கலுக்கு ஸ்ரீபெரும்புதூரில் கச்சேரி இருக்கிறது. மறக்காமல் ஒன்று செய், அந்தப் பக்கங்களில் கை வைக்காதே. வைத்தால் யார் வைத்தது என்று இனி நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
டிரம்பெட், நாகப்பன்.