மண்ணில் பட்ட தோள்

ஆம்பூர்,
பிப்ரவரி 1934

பிரியமுள்ள அத்தான் அவர்களுக்கு,

கல்லூரி மல்யுத்தப் போட்டியின் பத்தாம் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதச் சொல்லிவிட்டு, உங்கள் மாணவர்களோடு இந்த வருஷப் போட்டிக்கு மதராஸுக்குப் போய்விட்டீர்கள். எழுதி முடித்துவிட்டேன்.

முதல் வருஷம் நம் ஊரில் நடந்ததாமே. தோல் பதனிடும் தொட்டிகளில் ஊறிச் சக்கையான ஆவாரம்பட்டையைக் கோதாவில் பரப்பி மெத்தென்று ஆக்கினார்களாம். வெளியூர்ப் பையன் ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சார், எங்க தோலையும் பதம் போடப் போறீங்களா?" என்றானாம். அதையும் சேர்த்திருக்கிறேன்.

நீங்கள் மாணவராக வென்ற நான்காம் வருஷத்தைத்தான் நீளமாக எழுதினேன். உங்கள் ஒரு தோள் மண்ணில் பட்டுவிட்டது. மற்றதும் பட்டால் தோல்வி. நெடுநேரம் அப்படியே கிடந்த நீங்கள், திடீரென்று புரண்டு குப்புற விழுந்து எழுந்தீர்களாம்.

குழந்தை பால் குடிக்கிறான், சிரிக்கிறான். எதிர்வீட்டுத் தனகோடி அக்கா நேற்று கொழுக்கட்டை கொண்டுவந்தார். அவர் பிள்ளை முதல்முறையாகக் குப்புற விழுந்துவிட்டதாம், அதற்குத்தான். நம்மவனைவிட நாலு மாதம் சின்னது.

"உம் புள்ளைக்கு இன்னா அவசரம்? ராஜா மாதிரி மல்லாந்தே கெடக்கறான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கொழுக்கட்டையை மட்டும் தின்ன முடியவில்லை.

கோப்பை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உடனே வந்துவிடுங்கள். வேலூர் டாக்டரம்மாவிடம் அவனைத் தூக்கிப் போய்விடுவேன். அவர் சொல்வதை ஒருத்தியாக நின்று கேட்கத்தான் தைரியம் இல்லை.

அதுவரை, நீங்கள் புரண்டு எழுந்த அந்தப் பக்கத்தைத் தினமும் அவனுக்குப் படித்துக் காட்டுகிறேன். மல்லாந்தபடியே, கண் கொட்டாமல் கேட்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் அம்மா