பின் ஸ்பிரிங் வெட்டிய மோட்டார் சைக்கிள்

கமலாசனி,

பஸ்ஸில் பரந்தனுக்குப் போகிறேன். உம்முடைய தம்பி வந்தால் என் பங்குச் சோற்றைக் கொடும்.

மோட்டார் சைக்கிள் பின்னால் பதிந்திருப்பதேன் என்று கேட்டேன். "மூட்டை ஏத்தினதாலயாக்கும்" என்றீர். நேற்றுக் கடைக்காரர் சிரித்தார்: "உங்களைவிட அக்கா நல்லா ஓடுறா, அண்ணை!" நீர் மோட்டார் சைக்கிள் ஓடிப் பழகவென்று தம்பி ஸ்பிரிங்கை வெட்டியது ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

கால் எட்டவில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தால் முன்பக்கத்தையும் சேர்த்துப் பதித்துத் தந்திருப்பேன். பின்னால் மட்டும் பதித்தால் முன்சில்லு நிலத்தைச் சரியாகப் பிடிக்காது. வாய்க்கால் வளைவில் சரித்தால் கால்மிதி நிலத்தில் இடித்து ஆளைத் தூக்கி எறியும். நான் வந்து திருத்தும்வரை அந்தப் பக்கம் போகாதேயும்.

பி.கு.: மோட்டார் சைக்கிள் திறப்பு வழக்கம்போல அலுமாரியில்தான் கிடக்கிறது. நான் ஒன்றையும் ஒளிக்கவில்லை.