அந்தோனியாரின் விளக்கும் ஹாம் சீவும் மெஷினும்

நவம்பர் 19, செவ்வாய்

இல்லை, பயம் என்று சொல்ல முடியாது. வேகமாகச் சுற்றும்போது ஹாம் சீவும் மெஷினின் வட்டக் கத்தி அசையாமல் நிற்பதுபோலத் தெரிகிறது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்ட் அங்கிளின் கடை. பதப்படுத்திய பன்றி இறைச்சி: ஹாம், சொசேஜ். நான் பில் போடுகிறேன். பட்டத்துக்கு ஏற்ற வேலை கிடைக்கும்வரை. மெஷினில் ஹாம் சீவுவது டோரின் அக்கா. கடை மூடுமுன் அதைக் கழுவுவதும் அவர்தான். சுவிச்சை அணைப்பார். பிளக்கைக் கழற்றமாட்டார்.

"கழட்டினா அந்தோனியாருக்கு லைட் போயிரும், பிள்ளை."

மெஷினின் வயரும், சுவரில் இருக்கும் அந்தோனியார் சுரூபத்தின் விளக்கு வயரும் ஒரே பிளக்கில். விளக்கு அணையக் கூடாது என்பது அங்கிள் அவருக்கு வைத்த நேர்த்திக்கடன்.

"கரண்ட் கட் ஆனா?"

"அது கவுண்மேந்துட பாவம். நாங்க கழட்டினா எங்கட பாவம்."

நவம்பர் 21

மழை. ஆட்கள் இல்லை.

நவம்பர் 26, செவ்வாய்

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்வந்த கூட்டம் கடையில். டோரின் அக்காவுக்குக் களைப்பு. ஈரத்துணியோடு கத்தியைத் துடைக்கும்போது முழங்கை சுவிச்சில் பட்டது. கத்தி சுழன்று துணியை இழுத்தது. துணியை மட்டும். நகத்தின் ஓரத்தில் கொஞ்சம் இரத்தம்.

"அந்தோனியார் காப்பாத்திட்டார்," என்று சிரித்தார்.

அவருடைய விளக்காலதானே அக்கா — என்று வாய்வரை வந்தது. சொல்லியிருக்க வேணுமா?

நவம்பர் 27

அங்கிளிடம் சொன்னேன். விளக்குக்குத் தனி வயர் இழுக்கலாம் என்றேன்.

"சுவரை உடைக்கிறதெல்லாம் நத்தார் முடிய. இவ்வளவு காலம் ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்ல. ஏன்? லைட் எரியுது."

டிசம்பர் வருகிறது. காலையிலிருந்து இரவுவரை கிறிஸ்மஸ் ஹாம். நாளுக்குப் பலமுறை அந்தக் கத்திக்குப் பக்கத்தில் டோரின் அக்காவின் விரல்கள்.

டிசம்பர் 2

பிளக்கைக் கழற்றினேன். விளக்கு போனது. மெஷினைத் துடைக்க வந்த டோரின் அக்கா கையை எடுத்துக்கொண்டார்.

"போடு பிள்ளை. போடு! லைட் இல்லாம தொட்டா விரல் போயிரும்."

போட்டேன். பிளக் இருந்தபடியே துடைத்தார்.

டிசம்பர் 3, செவ்வாய்

நேர்த்தி வைத்தது வெளிச்சத்துக்கா, பல்ப்புக்கா?

முதலில் சுரூபத்தின் முன் மெழுகுதிரி கொளுத்தினேன். பிறகு பிளக்கைக் கழற்றினேன். டோரின் அக்கா மெழுகுதிரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார். நான் வாங்கி வந்த தடித்த கையுறையை மாட்டினார். ஹாம் துண்டின் தடிப்பை மாற்றும் குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பினோம். கத்தியின் விளிம்பு பக்கத் தட்டோடு மூடிக்கொண்டது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தார். விளிம்பு வழியே அல்ல. அவசரமில்லாமல்.

அப்போது அங்கிள் உள்ளே வந்தார். அணைந்த பல்ப்பைப் பார்த்தார். என் வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

"அந்தத் திரிய கொஞ்சம் தள்ளி வை. திரைச்சீலை பத்தும்."

அவ்வளவுதான். தள்ளி வைத்தேன்.

டிசம்பர் 24

கடைசி ஹாமும் விற்றுப்போய்விட்டது. டோரின் அக்கா கையுறையோடு காத்து நின்றார். மெழுகுதிரியைக் கொளுத்தினேன்.

"அது சரி. பிளக்கையும் காட்டு."

கழற்றிக் காட்டினேன்.